கைராசிப் பத்தாண்டு

1

'பூம்' என்ற சொல்லைக் கேட்டு வகுப்பில் கை தூக்கியவள் நான் ஒருத்திதான்.

ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால் வளர்ந்தவர்களுக்கான பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காதவர்கள் அங்கே போய் முடிக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஏ.எல். சோதனைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது புத்தகத்தை மூடியவள் நான். அந்தக் கதை உங்களுக்குப் புதிதல்ல, விடுங்கள். இருபத்திரண்டு வருஷம் பிஸ்கற் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் கால்கடுக்க நின்றேன். முழங்கால் இனிச் சரிவராது என்று ஆனபின் வேலையை விட்டேன். இப்போது ஐம்பத்தொன்பது வயதில் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன். வீட்டில் இருந்து என்ன செய்ய? சுவரோடு எத்தனை நாளைக்குக் கதைக்க?

பதியப் போன அன்று, ஏ.எல். வரைக்கும் படித்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். எரிந்துபோய்விட்டது என்றேன். எரிந்ததற்கு அத்தாட்சி இருக்கிறதா என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். கேலியில்லை, படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்துக்குள் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு அது போதும்.

இந்தத் தவணை அமெரிக்க வரலாறு. கனடாவில் இருந்துகொண்டு பக்கத்து வளவுக்காரனின் கதையை எதற்குப் படிக்கவேண்டும் என்று கேட்டேன். காலை பத்து மணிக்கு வேறு வகுப்பு இல்லை என்றார்கள். சரி, அமெரிக்காவாவது இருக்கட்டும் என்று போனேன்.

ஆசிரியர் என் மகளைவிட இளையவர், நல்ல பெடியன். முதலாம் உலகப் போர் முடிந்தபிறகு அமெரிக்காவில் வந்த பத்து வருஷத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பலகையில் பெரிய எழுத்தில் 'பூம்' என்று எழுதி, "உங்களில் யாராவது ஒரு பூம் காலத்தில் வாழ்ந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

நான் டக்கென்று கையைத் தூக்கினேன். வாழ்ந்திருக்கிறேனாவா?

"எப்படி இருந்தது, சொல்லுங்கள்," என்றார் ஆசையாக.

"நாங்கள் பங்கருக்குள் போய்விடுவோம்," என்றேன் என் ஆங்கிலத்தில். "முதலில் சத்தம் தூரத்தில் கேட்கும். எண்ணிக்கொண்டிருப்போம். கிட்ட வந்தால் குழந்தைகளின் காதைப் பொத்துவோம்."

அந்தப் பெடியனின் முகம் செக்கச்செவேலென்று ஆனது. வியாபாரம் ஏறுவது, விலை ஏறுவது, எல்லாரும் ஓடி ஓடி வாங்குவது, அதற்கும் 'பூம்' என்றுதான் பெயர் என்று மெல்லிய குரலில் விளங்கப்படுத்தி, இரண்டு தரம் மன்னிப்பும் கேட்டார். பக்கத்தில் இருக்கும் பிலிப்பீன்ஸ்காரி மரிசெல், மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வெட்கம் தாங்கவில்லை.

பின்னேரம் மகள் அபிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அம்மா, தட்ஸ் ஸோ ஸாட்," என்றாள்.

எனக்குச் சிரிப்பல்லவா வேண்டியிருந்தது! அபியின் அப்பா, இவர் உயிரோடு இருந்திருந்தால், "எடியே, நீ அமெரிக்கனையும் பங்கருக்குள்ள இறக்கிப்போட்டியே!" என்று மூன்று நாளைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

2

வெட்கப்பட்ட ரோசத்தில் அந்தப் பாடத்தை நான் மற்ற எல்லாரையும்விட ஊன்றிப் படித்தேன்.

கேளுங்கள். அந்தப் பத்து வருஷத்துக்குள் சாதாரண சம்பளக்காரன் தவணைக்குக் கார் வாங்கினான். வீட்டுக்குள் ரேடியோ வந்தது, உடுப்புத் தோய்க்கும் மெஷின் வந்தது. பெண்களுக்கு வாக்கு வந்தது. கூந்தலைக் கழுத்தோடு கத்தரித்துக்கொண்டு, பாவாடையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு ஆடப் போனார்கள். சாராயத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், சனம் ஒளித்துக் குடித்தது. தெற்கிலே பருத்தி வயலில் நின்ற கறுப்பு மக்கள் வடக்கே நகரங்களுக்கு வந்து தங்களுக்கென்று ஒரு சங்கீதத்தை முழங்க விட்டார்கள். கமக்காரன் மட்டும் விளைந்ததை விற்க முடியாமல் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தான். எங்களைப் போன்ற நிறக்காரர் உள்ளே வரக்கூடாது என்று கதவைச் சாத்தியதும் அதே பத்து வருஷத்தில்தான். அந்த இடத்தை வாசிக்கும்போது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

ஒருநாள் ஆசிரியர் இரண்டு படம் காட்டினார். ஒன்றில் நெருக்கமான நகரத் தெரு. வாசற்படிகளில் பெண்கள் இருந்து கதைக்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். மற்றதில் புறநகர் வீடு ஒன்றின் கூடம். குடும்பமே ரேடியோப் பெட்டியைச் சுற்றி இருக்கிறது. என்ன மாறியிருக்கிறது என்று கேட்டார். ஒருவர் ரேடியோ என்றார், ஒருவர் உடுப்பு என்றார், மரிசெல் கதிரை என்றாள்.

"கதவு," என்றேன் நான். முதல் படத்தில் எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. இரண்டாவதில் ஒரு கதவுதான், அதுவும் பூட்டு.

அதை அவர் பலகையில் எழுதினார். எனக்குப் பெருமைதான். ஆனால் அது கெட்டித்தனம் இல்லை. எனக்குத் தெரிந்த கதவு அது.

எங்கள் கட்டடத்தில் எட்டாம் மாடி எங்களுடையது. நாங்கள் வந்த காலத்தில் அந்த ஒரு மாடியில் மட்டும் பதினொரு தமிழ்க் குடும்பம். காலையில் திறந்த கதவைப் படுக்கும்போதுதான் சாத்துவோம். எந்தப் பிள்ளை எந்த வீட்டில் சாப்பிட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை. மிளகாய்த்தூள் முடிந்தால் கோப்பையோடு நடந்தால் போதும். இப்போது அந்த மாடியில் தமிழ் என்று நான் ஒருத்திதான் மிச்சம். புதிதாக வந்த சனம் நல்ல சனம், லிப்டில் 'ஹாய்' சொல்வார்கள். நானும் 'ஹாய்' சொல்வேன். அன்றைக்கு நான் வாய் திறந்தது அந்த ஒருதரமாகவும் இருக்கும்.

மற்றப் பத்துக் குடும்பமும் எங்கே போனது என்று கேட்கிறீர்களா? வழியனுப்பி வைத்ததே நான்தான்.

3

முதலில் போனது கலா. தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று பெட்டி அடைத்தவள், எட்டாம் மாடியில் எதிர்வீடு. விட்பியில் புது வீடு வாங்கினாள். குடிபூரலுக்குப் பால் காய்ச்ச அவளுக்கு இங்கே தாயுமில்லை, மாமியுமில்லை.

"அக்கா, நீங்கள்தான் வந்து காய்ச்சவேணும்," என்றாள்.

போய்க் காய்ச்சினேன். பால் அழகாகக் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. எது கிழக்கு என்று இவர்தான் போனில் பார்த்துச் சொன்னார்.

அடுத்த வருஷமே அந்த வீட்டின் விலை எங்கேயோ ஏறிப் போயிற்று. அதை வங்கியில் காட்டிக் கலாவின் புருஷன் இரண்டாவது வீடும் வாங்கினான். கலா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்: "புவனாக்கான்ர கை, கைராசிக் கை!"

பிறகென்ன, எனக்கு ஓய்வே இல்லை. மார்க்கம், ஏஜாக்ஸ், பிறம்ரன் என்று சனி ஞாயிறில் ஒரு பாலாவது இருக்கும். சுகு என்று ஒரு வீட்டு ஏஜென்ற், சாவியைக் கொடுக்கும்போதே என் நம்பரையும் கொடுத்துவிடுவான். "அன்ரி, சண்டே பத்து மணிக்கு ஃப்ரீயோ?" என்று அவன் கேட்கிற தோரணையில், நான் என்னவோ வங்கி மனேஜர் என்று நினைத்துக்கொள்வேன். பச்சைக் கரை போட்ட சேலை ஒன்றைப் பாலுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன்.

காரோட்டுவது இவர். அதைவிட முக்கியமான வேலையும் அவருக்கு இருந்தது. புது வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் அடுத்த நிமிஷம் புகை அலாம் கத்தும். இவர் ஒரு துவாயோடு கதிரையில் ஏறி நின்று, அலாமுக்கு விசுக்கு விசுக்கென்று விசுக்குவார். பிறம்ரனில் ஒருதரம் விசுக்கியும் அடங்காமல், தீயணைக்கிற லொறியே வந்துவிட்டது. உயரமான வெள்ளைக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று ஒரு கப் பால் குடித்து, நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தலைகால் தெரியாமல்தான் ஆடினேன், ஒத்துக்கொள்கிறேன். விலை ஏறுகிற செய்தி வரும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. எல்லாம் என் கை பட்டது என்று. ஒரு விஷயம் மட்டும் என் மண்டைக்கு ஏறவேயில்லை. எங்கள் மாடிச் சனத்துக்குக் காய்ச்சிய ஒவ்வொரு பாலுக்கும் அங்கே ஒரு கதவு குறைந்துகொண்டு வந்தது. சீனியும் பழமும் தட்டமுமாகப் போய், சிரித்துக்கொண்டே என் அயலை நானே காலி செய்தேன்.

நாங்கள் வாங்கவில்லை. சுகு எத்தனையோ தரம் வந்து இருந்து சொல்லிப் பார்த்தான். "தம்பி, கடனோட எனக்கு நித்திரை வராது," என்று இவர் முடித்துவிட்டார். நான் அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன், இரண்டு நாள் கதைக்காமலும் இருந்திருக்கிறேன். அந்த அப்பார்ட்மென்றுக்குள் அகதியாக வந்தபோது நாங்கள் பால் காய்ச்சவில்லை. பாணும் வாழைப்பழமும் தின்றுவிட்டு நிலத்தில் படுத்தோம். ஆக, ஊருக்கெல்லாம் பால் காய்ச்சிய நான் எனக்கென்று ஒரு வீட்டில் காய்ச்சியதேயில்லை. அபி வாங்குவாள், அங்கே காய்ச்சலாம் என்று ஆசையை அதற்குள் போட்டு மூடி வைத்திருந்தேன்.

4

இவர் கண்ணை மூடிய வின்ரரில்தான் வட்டியும் ஏறியது, வீட்டுச் சந்தையும் விழுந்தது.

இவருக்கு இருதயம். காலையில் தேத்தண்ணி கேட்டார். ஊற்றிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. அதற்குமேல் இதைப்பற்றி எழுத எனக்கு இன்னும் ஏலாது.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து, சனம் வந்து போய் ஓய்ந்தபிறகுதான் கவனித்தேன். சுகுவின் போன் வரவில்லை. ஒருவருடைய போனும் வரவில்லை. தாலி போனதால் கூப்பிடவில்லையா, சந்தை போனதால் கூப்பிடவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் ஒன்றாகப் போனதில் கேட்கவும் வழியில்லை. பச்சைக் கரைச் சேலை அலுமாரியில் தொங்கியது.

ஒருநாள் கோயிலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"கலான்ர விட்பி வீடும் போட்டுதாம். பாங்க் எடுத்துட்டுதாம். புருஷனும் பெஞ்சாதியும் இப்ப பேஸ்மென்ற்றில."

"அதுவும் புவனாக்கா காய்ச்சின வீடுதானே? அவ காய்ச்சின வீடுகள் ஒண்டொண்டாப் போகுது, பாத்தனியோ?"

நான் தட்டோடு பின்னால் நிற்கிறேன். திரும்பிய ஒருத்தி என்னைக் கண்டு விறைத்துப்போய், "ஐயோ அக்கா! எப்பிடிச் சுகம்?" என்றாள்.

"இருக்கிறன்," என்றேன்.

சாப்பாடு எடுக்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் இருந்து கலாவுக்குப் போன் எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. பிறகும் எடுத்தேன். அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக ஒருவரும் சொல்லவில்லை. ஆனாலும் போனை எடுக்கவில்லை. அன்றிலிருந்து என் கையைப் பார்த்தாலே எனக்குப் பயம் பிடித்தது. சிரிப்பீர்கள். தேத்தண்ணி போடும்போதுகூடப் பால் பொங்க விடாமல் முன்னுக்கே இறக்கிவிடுவேன்.

அபியின் வீடு அப்போது ஸ்ரௌவ்வில்லில் வெறும் அத்திவாரம். விலை உச்சியில் நின்ற நேரம் படத்தைப் பார்த்துக் கையெழுத்து வைத்தார்கள். சாவி வருகிற நேரம் விலை விழுந்துகிடந்தது. பேசியபடி வாங்கத்தான் வேண்டும், பின்வாங்க ஏலாது. மருமகன் நிரோஷன் மட்டக்களப்புப் பிள்ளை, தாய் தகப்பன் பிறம்ரனில். அங்கேதான் ஒரு கிடங்குக் கொம்பனியில் அவனுக்கு வேலை. அங்கேயும் ஆட்களை நிறுத்துகிறார்கள் என்று கேள்வி. அந்த வீட்டைத் தக்கவைக்க இரண்டு பேருடைய சம்பளமும் வேண்டும், ஒன்று நின்றாலும் கஷ்டம். இதெல்லாம் அபி எனக்குச் சொன்னதில்லை. அவள் சொல்லாமல் விடுவதை வைத்துத்தான் நான் அவளைப் பற்றித் தெரிந்துகொள்கிறேன்.

5

தவணை முடிவில் ஆளுக்குப் பத்து நிமிஷம் வகுப்புக்கு முன்னால் பேசவேண்டும். நான் புளோரிடாவை எடுத்தேன்.

அந்தப் பூம் காலத்தில் புளோரிடாவில் நிலம் விற்ற கதை இருக்கிறதே, அதை வாசித்தால் ஸ்காபரோவில் யாரோ எழுதியது போலிருக்கும். நிலத்தைக் கண்ணாலும் பார்க்காமல் ஒரு துண்டுக் கடதாசியை வாங்குவது. காசு முழுக்கக் கட்டுவதற்கு முன்பே அதை இன்னொருத்தனுக்குக் கூட்டி விற்பது. அவன் இன்னொருத்தனுக்கு. சதுப்பு நிலமும் விலைப்பட்டது. விற்றவன் ஒவ்வொருவனும் தன்னைப்போல ஒரு மூளைசாலி இல்லை என்று நினைத்தான். பிறகு புயலும் வந்தது, வாங்க ஆளும் இல்லாமற் போனது.

நான் தமிழில் சொல்லச் சொல்ல, சனிக்கிழமை அபி வந்திருந்து ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வசனத்தில் அவளுடைய கை நின்றது. "ஏறுகிற காலத்தில் எல்லாருடைய கையும் கைராசிக் கைதான்."

"அம்மா, கைராசியை எப்படி இங்கிலிஷில போட?"

"உனக்குத் தெரிஞ்ச மாதிரிப் போடு."

"இது உங்களைப் பற்றித்தானே?"

"அமெரிக்கனைப் பற்றி, பிள்ளை. பாடம் இது. அடி."

அவள் என்னைப் பார்த்துவிட்டு அந்த வசனத்தையும் தட்டினாள்.

செவ்வாய்க்கிழமை பேசினேன். தட்டுத்தடுமாறித்தான் தொடங்கினேன், போகப்போக வாய் தன்பாட்டில் ஓடியது. விலை ஏறும்போது நாங்கள் தூக்கிவிட்டோம் என்று நினைத்தது பொய் என்றால், விழும்போது நாங்கள் தள்ளிவிட்டோம் என்று அழுவதும் பொய்தான் என்று முடித்தேன். மரிசெல் எழும்பி நின்று கைதட்டினாள். ஆசிரியர் நல்ல புள்ளி போட்டார். சொன்னது எல்லாம் சரி. மூளை முழுக்க நம்பிவிட்டது. கைதான் நம்பவில்லை.

அன்று பின்னேரம் அபியிடமிருந்து ஒரு தகவல் வந்தது. அவளுடைய தமிழ் எப்போதும் ஆங்கில எழுத்தில்தான் வரும், சத்தம் போட்டு வாசித்தால்தான் விளங்கும். "சண்டே பத்து இருபதுக்குப் பால். நீங்கதானே காய்ச்சுறீங்க?"

எத்தனை வருஷமாக நான் காத்திருந்த கேள்வி. அழுகை வந்துவிட்டது. விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு சொல் மட்டும் எழுதினேன்.

"வாறன்."

வருகிறேன் என்றுதான் எழுதினேன். காய்ச்சுகிறேன் என்று எழுதவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை நிரோஷன் வந்து ஏற்றிக்கொண்டு போனான். அந்தப் புதுக் குடியிருப்பில் இன்னும் மரம் இல்லை, நடைபாதை இல்லை; ஒரே மாதிரி வீடுகளும் சேறும். ஒரு வீட்டு வாசலிலும் ஆளைக் காணவில்லை. என் மகள் இங்கே மிளகாய்த்தூள் முடிந்தால் காரெடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சம்பந்தியம்மா முன்னுக்கே வந்துவிட்டா. நல்ல மனுஷி, வாய்நிறையச் சிரிப்பவ. சாமிப்படத்தைக் குசினி மேசையில் வைத்து விளக்கேற்றியாயிற்று. புதுப் பானையில் பால். அடுப்பின் பிளாஸ்ரிக் உறை இன்னும் அரைவாசி ஒட்டிக்கொண்டு நின்றது. பத்து இருபதிலிருந்து பத்து நாற்பதுவரைதான் நல்ல நேரம்.

அபி பானையைத் தூக்கி எனக்கு முன்னால் நீட்டினாள். "அம்மா."

என் கை எழும்பவில்லை.

"சம்பந்தி வைக்கட்டும், பிள்ளை," என்றேன். "அவதான் வைக்கிற முறை. பூவும் பொட்டுமா நிக்கிறா."

"என்ன கா கதைக்கிறீங்க!" என்றா சம்பந்தி. "எங்கட மட்டக்களப்புப் பக்கத்துல வீடெண்டா அது பொம்புளப் புள்ளைக்குத்தான். புள்ளையிர தாய் இரிக்கக்குள்ள நான் கைவைக்கிறதா? நீங்க வைங்க."

"இல்லை, நீங்கள் வையுங்கோ."

"நல்ல கதை! நீங்க வைங்க."

"எனக்கு முழங்கால் நோகுது, கனநேரம் நிக்கேலாது."

"பால் காய்ச்ச எத்தின மணித்தியாலம் கா?"

பானை அபியின் கையில் கிடந்து ஒருதரம் என் பக்கம், ஒருதரம் சம்பந்தி பக்கம் போய்வந்தது. சம்பந்தி மரியாதைக்காகத் தள்ளிக்கொண்டிருந்தா. நான் எதற்காகத் தள்ளினேன் என்று அவவுக்குத் தெரியாது. நிரோஷன் மணிக்கூட்டைப் பார்த்தான். பத்து முப்பத்தொன்று. முப்பத்து நாலு.

"அம்மா," என்றாள் அபி. "ஸ்காபரோ முழுக்கக் காய்ச்சினீங்கள். கலா அன்ரி வீட்டுக்குக் காய்ச்சினீங்கள். அந்த ஏஜென்ற் காட்டின ஆரோ முகம் தெரியாத ஆக்களுக்கெல்லாம் காய்ச்சினீங்கள். எனக்கு மட்டும் மாட்டீங்களா?"

வாங்கிவிடலாம், கையை நீட்டினால் போதும். நெஞ்சு முழுக்க அதுதான் ஆசை. கோயில் வரிசையில் கேட்ட குரல் காதுக்குள் நின்றது. மகள் வீடும் போட்டுதாம், தாய்தான் காய்ச்சினவவாம். நான் கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன்.

"ஓகே," என்றாள் அபி.

பானையை மேசையில் வைத்தாள். கண்ணாடிச் சாடி ஒன்றை எடுத்துப் பாலை அதற்குள் ஊற்றினாள். அடுப்புக்கு மேலே இருந்த மைக்ரோவேவைத் திறந்து அதை உள்ளே வைத்தாள். கதவைச் சாத்தி பொத்தானை அழுத்தினாள்.

"அபி, என்ன பகிடி இது?" என்றேன்.

"பகிடி இல்லை அம்மா. ரைம் போகுது."

சம்பந்தி வாயில் கைவைத்தா. உள்ளே மஞ்சள் வெளிச்சம் எரிந்தது, சாடி சுற்றத் தொடங்கியது. நாங்கள் நாலுபேரும் அண்ணாந்து அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பால் சும்மா கிடந்தது. பிறகு ஒரேயடியாக நுரைத்து எழும்பி, விளிம்பைத் தாண்டிப் புது மெஷின் முழுக்க வழிந்தது.

"பொங்கிற்று! பொங்கிற்று கா!" என்று சம்பந்தி கையைத் தட்டினா.

"எந்தப் பக்கம் பொங்கினது?" என்று கேட்டான் நிரோஷன்.

"சுத்திக்கொண்டெல்லோ நிண்டது," என்றாள் அபி. "எல்லாப் பக்கமும்தான்."

மூன்று பேரும் வெடித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

அபி கடதாசித் துவாயால் மெஷினைத் துடைத்துவிட்டு, மிச்சப் பாலைக் கப்புகளில் ஊற்றிச் சீனி போட்டாள். முதல் கப்பை எனக்குத்தான் கொண்டுவந்தாள். கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்:

"பாத்தீங்களா அம்மா, ஒருத்தற்ற கையும் படேல்லை. இனி இந்த வீட்டுக்கு என்ன நடந்தாலும் உங்களை ஒருத்தரும் சொல்லேலாது."

கோபமில்லை அந்தக் குரலில். அதுதான் என்னைக் கொன்றது.

பால் மேலே கொதித்தது, நடுவில் பச்சைக் குளிர். "உன்ர வீட்டுக்காகத்தான் பயந்தனான், பிள்ளை," என்று சொல்ல வாயெடுத்தேன். பெத்த பிள்ளையிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பாலைக் குடித்தேன்.